ஏழு நிற மணல் போல ஏழு நிற ஆப்பம்

போன இதழில் பிள்ளைகளுக்கு நிறம் போட்டு ஆப்பமும் பான்கேக்கும் சுடுவது பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். பீட்ரூட், கீரை, சங்குப்பூ என்று மூன்றைத்தான் சொன்னேன். செய்து பார்த்தவர்கள், செய்து கெட்டுப்போனவர்கள், கோபப்பட்டவர்கள் என்று நிறைய பேர் எழுதிவிட்டீர்கள். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, அடிக்கடி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

அக்கா, எங்க ஊர்க் கடற்கரைக் கடைகளில் ஏழு நிற மணல் பாக்கெட் விற்பார்கள், தெரியுமே. என் மகனுக்கு ஆறு வயது. அதே ஏழு நிறத்தில் பான்கேக் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பீட்ரூட் அரைத்துக் கோதுமை மாவில் கலந்து சுட்டேன். ஊற்றும்போது ரோஜாப்பூ நிறம், திருப்பிப் போட்டால் செங்கல் நிறம். நிறம் எங்கே போகிறது?
— ஒரு வாசகி, கன்னியாகுமரி

திருப்பிப் போட்டதில்தான் போனது, மக்களே. பீட்ரூட்டின் சிவப்புக்குச் சூடு ஆகாது. கல்லில் நேராகப் படுகிற பக்கம் சிவந்து முறுகும், அந்த முறுகல் பழுப்பும் கோதுமைத் தவிட்டின் பழுப்பும் சேர்ந்தால் மிச்சமிருக்கும் சிவப்பும் செங்கல்தான். மாவில் சீனியும் பாலும் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் முறுகும். பான்கேக் மாவில் இரண்டும் உண்டு, அதனால் இனிப்பைச் சுட்ட பிறகு மேலே ஊற்றுவதுதான் நிறத்துக்கு நல்லது.

இதற்கு வழி நம்ம வீட்டு ஆப்பச்சட்டியிலேயே இருக்கிறது. ஆப்பத்தை யாராவது திருப்பிப் போடுகிறோமா? அடி மட்டும் கல்லில் வேகும், மேல்பக்கம் மூடிக்குள்ளே ஆவியில் வேகும். ஆவியில் வேகிற பக்கம் முறுகாது, அங்கே நிறம் அப்படியே நிற்கும். போன பத்தியில் நான் இதைத்தான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். நிறம் வேண்டுமென்றால் கனமாக ஊற்றி, தீயைக் குறைத்து, மூடி போட்டு, திருப்பாமல் எடுங்கள். தட்டில் மேல்பக்கம் தெரிய வையுங்கள். பான்கேக் என்று கேட்கிற பிள்ளைக்கு உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னதாக ஊற்றி மூன்றை அடுக்கி வைத்தால் அது பான்கேக்தான், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அடுத்தது மாவு. எல்லா நிறத்துக்கும் ஒரே மாவு சரிவராது, நிறத்தைப் பார்த்து மாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பீட்ரூட்டுக்குப் புளிப்பு பிடிக்கும், கீரைக்குப் பிடிக்காது. புளித்த மாவில் கீரை விழுதைக் கலந்தால் பத்து நிமிடத்தில் அது காக்கிச்சட்டை நிறத்துக்குப் போய்விடும். நான் செய்வதைச் சொல்கிறேன். இரண்டு கப் பச்சரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து, ஒரு கப் தேங்காய்ப்பூ, அரை கப் சோறு சேர்த்துக் கெட்டியாக அரைக்கிறேன். அரைத்த உடனே மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு ராத்திரி முழுக்கப் புளிக்க வைத்துவிட்டு, மறுபாதியை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலையில் என் கையில் புளித்த மாவும் இருக்கும், புளிக்காத மாவும் இருக்கும். அரிசி மாவு வெள்ளை என்பதால் எந்த நிறமும் அதில் தெளிவாக விழும். கோதுமையில் அது கிடைக்காது.

இனி உங்க மகனுடைய ஏழு நிறம். வெள்ளைக்கு ஒன்றும் சேர்க்க வேண்டாம், தேங்காய்ப்பால் ஊற்றிக் கலந்தால் போதும். சிவப்புக்கு பீட்ரூட்டைத் தோலோடு முழுசாக ஆவியில் வேகவைத்து, உரித்து, அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்து, ஒரு கப் புளித்த மாவுக்கு இரண்டு பெரிய கரண்டி கலக்குங்கள். வெட்டி வேகவைத்தால் பாதி நிறம் தண்ணீரோடு போய்விடும். மஞ்சளுக்கு மத்தங்காய்தான் (பரங்கிக்காய்) எனக்குப் பிடித்தது, வேகவைத்து மசித்துப் புளித்த மாவிலோ புளிக்காததிலோ எதில் வேண்டுமானாலும் சேர்க்கலாம், அதன் நிறம் சூட்டுக்கும் அசையாது, புளிப்புக்கும் அசையாது. கேரட்டும் அப்படியே. பச்சைக்குப் பாலக் கீரையையோ மல்லித்தழையையோ கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிடம் முக்கி, எடுத்த உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு, பிழிந்து அரைத்து, புளிக்காத மாவில், கல் காய்ந்த பிறகு கடைசி நேரத்தில் கலக்க வேண்டும். முருங்கைக் கீரையும் போடலாம், ஆனால் பச்சை கொஞ்சம் மங்கலாகவும் லேசான கசப்போடும் வரும், முதல் தடவைக்கு வேண்டாம். நீலத்துக்குச் சங்குப்பூ, அதற்குத் தனியாகக் கீழே பதில் இருக்கிறது. தவிட்டு நிறத்துக்குக் கருப்பட்டி, இடித்துக் கொதிக்க வைத்து மண் போக வடிகட்டிச் சேர்த்தால் இனிப்பும் நிறமும் ஒன்றாக வரும். கறுப்புக்கு வறுத்த கறுப்பு எள்ளுப் பொடி. அது முழுக் கறுப்பாக வராது, புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிறத்தில்தான் வரும், ஆனால் ஏழில் மணல் மாதிரியே இருப்பது அதுதான்.

ஒரே நாளில் ஏழையும் செய்யப் போகாதீர்கள், மூன்று போதும். விடுமுறை நாளில் அவனை மணவாளக்குறிச்சிக் கரைக்கு ஒரு நடை கூட்டிக்கொண்டு போய், அங்கே மணலில் கிடக்கிற கறுப்பையும் சிவப்பையும் காட்டுங்கள். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், இரண்டும் பாறையிலிருந்து வந்த தாதுக்கள். மணலுக்கே நிறம் இப்படித்தான் வருகிறது என்று தெரிந்தால், ஆப்பத்துக்கு எங்கிருந்து வருகிறது என்று அவனே கேட்பான்.

சங்குப்பூ போட்டுப் பான்கேக் செய்தேன். முட்டை, பால், கோதுமை மாவு எல்லாம் போட்டேன். தண்ணீர் நல்ல நீலம், மாவு சிமெண்ட் நிறம். என் மகள் கையால்கூடத் தொடவில்லை. பூ சரியில்லையா?
— ஒரு வாசகி, தக்கலை

பூ மேல் குற்றமில்லை. மஞ்சள் கருவும் கோதுமையின் பழுப்பும் நீலத்தோடு சேர்ந்தால் சிமெண்ட் நிறம்தான் வரும். இரும்புக் கல்லில் சுட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, இரும்பு பட்டாலும் இந்த நிறம் கறுக்கும். நான்ஸ்டிக் ஆப்பச்சட்டியோ அலுமினியச் சட்டியோ இருந்தால் நீலத்துக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முட்டை போட்டே ஆக வேண்டும் என்றால் வெள்ளைக் கருவை மட்டும் அடித்துச் சேருங்கள். பன்னிரண்டு, பதினைந்து பூவை எடுத்து, அடியில் இருக்கிற பச்சைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, கால் கப் வெந்நீரில் பத்து நிமிடம் மூடி வைத்தால் மை மாதிரி நீலம் இறங்கும். இதை அரைத்த மாவில் ஊற்றினால் மாவு தண்ணியாகிவிடும், அதனால் அரிசி அரைக்கும்போதே தண்ணீருக்குப் பதில் இதை ஊற்றி அரையுங்கள். புளிக்காத மாவில் நல்ல நீலம் வரும், புளித்த மாவில் கொஞ்சம் ஊதா கலந்து வரும்.

இந்தப் பூவில் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் நீலத் தண்ணீரை வைத்து, எலுமிச்சை மூடி ஒன்றைப் பிள்ளை கையில் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். நீலம் அவள் கண் முன்னாலேயே கத்தரிப்பூ நிறமாக மாறும். சிமெண்ட் பான்கேக்கைத் தொடாத உங்க மகள் இதைத் தானே செய்தால் கட்டாயம் ருசி பார்ப்பாள். என் பேத்தி ஒரு கிண்ணத்தோடு விடவில்லை, வீட்டில் இருந்த நாலு எலுமிச்சையும் தீர்ந்துபோயிற்று.

பூ எங்கே கிடைக்கும் என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். வேலியில் படர்ந்தது, மருந்து அடிக்காதது, உங்களுக்குத் தெரிந்த வீட்டுப் பூ. அது மட்டும்தான். தோவாளைச் சந்தையிலோ பூக்கடையிலோ மாலைக்காக வருகிற எந்தப் பூவையும் பிள்ளைகளின் சாப்பாட்டில் போட வேண்டாம், அவை தின்பதற்காக வளர்த்தவை அல்ல, மேலே என்ன மருந்து தெளித்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

மஞ்சள் பொடி போட்ட பான்கேக்கில் செம்புள்ளியாக விழுகிறதே, மஞ்சளில் கலப்படமா?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பயப்படாதீர்கள். ஆரத்திக்கு என்ன செய்கிறோம்? மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறது இல்லையா. அதே விஷயம்தான் உங்க மாவிலும் நடந்திருக்கிறது, சுண்ணாம்புக்குப் பதில் ஆப்ப சோடா. சோடா சரியாகக் கரையாமல் கட்டியாக நின்ற இடத்திலெல்லாம் மஞ்சள் சிவந்திருக்கும். சோடாவைச் சலித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மாவைப் புளிக்கவைத்து சோடாவையே விட்டுவிடுங்கள். பீட்ரூட் மாவிலும் சோடா வேண்டாம், சிவப்பைக் கெடுத்து மஞ்சளும் பழுப்புமாக ஆக்கிவிடும். கீரையை மட்டும் சோடா பச்சையாக வைத்திருக்கும், ஆனால் அதில் இருக்கிற சில வைட்டமின்கள் அழிந்துபோகும் என்பதால் அதற்கும் நான் போடுவதில்லை.

செந்துளுவன் பழம் போட்டால் சிவப்பு வருமா?
— ஒரு வாசகர், குலசேகரம்

வராது. செந்துளுவன் என்கிற செவ்வாழையில் சிவப்பு தோலில்தான், உள்ளே இளமஞ்சள். மசித்து வைத்தால் அதுவும் சீக்கிரம் கறுக்கும், நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் முட்டை போடாத மாவுக்கு ஒரு முட்டைக்கு ஒரு பழம் என்று மசித்துச் சேர்த்தால் மெத்தென்று வரும், அதற்காகப் போடுங்கள்.

பீட்ரூட் ஆப்பம் சாப்பிட்ட மறுநாள் காலையில் என் மூன்று வயது மகனுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. கையும் காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இனிமேல் அந்தப் பக்கமே போகக்கூடாதா?
— ஒரு வாசகி, குளச்சல்

ஓடியதில் தப்பே இல்லை, அந்தக் காட்சியைப் பார்த்த எந்தத் தாய்க்கும் நெஞ்சு நின்றுதான் போகும். இதைப் போன பத்தியிலேயே நான் எச்சரித்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன், மன்னியுங்கள்.

பீட்ரூட்டின் சிவப்பைச் சிலருடைய உடம்பு முழுசாக உடைக்காமல் அப்படியே வெளியே விட்டுவிடும். பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இப்படி நடக்கும். மலமும் சிவப்பாகப் போகலாம். ஓரிரு நாளில் தானாகச் சரியாகிவிடும், கெடுதல் ஒன்றும் இல்லை. இரும்புச்சத்து குறைவாக இருப்பவர்களிடம் இது கூடுதலாகத் தெரியும் என்பதால், ஒவ்வொரு முறையும் இப்படி ஆகிறதென்றால் அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கும்போது ரத்தசோகை இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். பீட்ரூட், செங்கீரை, சிவப்பு டிராகன் பழம் எதுவும் ஓரிரு நாளாகச் சாப்பிடாமல் இருக்கும்போது சிவப்பாகப் போனால் மட்டும் ஒரு நிமிடம் தாமதிக்காதீர்கள்.

பாட்டி வீட்டுக்கோ பால்வாடிக்கோ அனுப்புகிற நாளில் பீட்ரூட் கொடுத்திருந்தால், கொடுத்தேன் என்று சொல்லி அனுப்புங்கள். அவர்களும் உங்களைப் போலத்தான் பயந்துபோவார்கள்.

கடையில் பத்து ரூபாய்க்கு நிறச்சொட்டு கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டால் நீங்கள் சொல்கிற எல்லா நிறமும் வரும். என் பேரப்பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கொடுப்பதில் என்ன கெட்டுவிடும்? அரைத்து வடித்து இவ்வளவு பாடு எதற்கு?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

ஐயா, பேரப்பிள்ளைகளுக்காக அடுப்படிக்குப் போகிற உங்களுக்கு முதலில் என் வணக்கம். உணவில் போட அனுமதித்த சாயங்கள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் எல்லாச் சாயத்துக்கும் அனுமதி இல்லை, எல்லா உணவுக்கும் அனுமதி இல்லை, அனுமதித்ததற்கும் அளவு உண்டு. அந்த அளவை வீட்டில் சொட்டுக் கணக்கில் யாராலும் பார்க்க முடியாது. பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலத்தில் வருவது எது என்றே தெரியாது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாட்டு அரசு ஏன் தடை செய்தது என்று நினைவிருக்கும், துணிக்குப் போடுகிற ரோடமைன்-பி சாயம் அதில் இருந்தது. பிள்ளைகள் திருவிழாவில் ஆசையாகக் கேட்டு வாங்கித் தின்ற மிட்டாய் அது.

அனுமதித்த சாயத்திலும் கேள்வி இருக்கிறது. 2007-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் பிரிட்டன் ஆய்வு ஒன்று வந்தது. 3 வயதுப் பிள்ளைகளுக்கும் 8, 9 வயதுப் பிள்ளைகளுக்கும் சில சாயங்களையும், உணவு கெடாமல் இருக்கப் போடுகிற சோடியம் பென்சோயேட்டையும் கலந்த பானம் கொடுத்துப் பார்த்ததில், பொதுவாகத் துறுதுறுப்பு கூடியதாகக் கண்டார்கள். எல்லாப் பிள்ளையிடமும் ஒரே அளவில் இல்லை. அதற்குப் பிறகு ஐரோப்பாவில் 2010 முதல் டார்ட்ரசின் என்ற மஞ்சள் சாயம் உள்பட ஆறு சாயங்கள் சேர்த்த உணவுகளில், பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் இது பாதிக்கலாம் என்று அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றும் ஆகிவிடாது என்று நீங்கள் சொல்லலாம். நான் வேறு ஒன்றைக் கேட்கிறேன். வீட்டுக்குப் பின்னால் கீரை நிற்கிறது, சந்தையில் மத்தங்காய் கிடக்கிறது, ஒரு துண்டு வேகவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரம் பேரப்பிள்ளைகள் உங்களோடு அடுப்படியில் நிற்பார்கள். அதுதான் ஐயா அந்த ஞாயிற்றுக்கிழமை.

என் மகள் காய்கறி என்றாலே முகத்தைத் திருப்புவாள். நிற ஆப்பத்தில் அரைத்துப் போட்டு, என்ன போட்டேன் என்று சொல்லாமல் கொடுக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறாள். இப்படியே ஒளித்துக் கொடுத்துவிடலாமா?
— ஒரு வாசகி, குழித்துறை

இந்தக் கேள்விதான் அதிகமாக வந்தது, என் பதில் பலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஒளிக்காதீர்கள். ஒரு ஆப்பத்துக்குள் போகிற கீரை ஒரு கரண்டிகூட வராது, அதை நம்பி அவள் வயிறு நிறைந்ததாகக் கணக்குப் போட முடியாது. நிறத்தால் உண்மையில் கிடைக்கிற லாபம் வேறு. கீரையைக் கண்டால் பயப்படுகிற பிள்ளை அதைக் கையால் ஆய்ந்து, அரைபடும்போது பார்த்து, தன் ஆப்பம் அதனால்தான் பச்சையானது என்று தெரிந்து சாப்பிட்டால், அடுத்த முறை தட்டில் தோரனாக (தேங்காய் போட்ட பொரியலாக) வரும்போது அது அவளுக்குப் புதியது இல்லை. ஒளித்துக் கொடுத்தால் ஒரு நாள் கண்டுபிடிப்பாள், அன்றைக்குக் கீரையும் போகும், ஆப்பமும் போகும், அம்மா தருவதை நம்பி வாயைத் திறக்கிற பழக்கமும் போகும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் மூத்தவனுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஓணத்தன்று காலையில் அவன் தட்டில் அத்தப்பூக்களம் மாதிரி ஆப்பம் அடுக்கினேன். நடுவில் மஞ்சள், சுற்றிச் சிவப்பு, வெளியே பச்சை. தின்றுகொண்டே, இது என்ன பூ என்று கேட்டான். மிட்டாய்ப் பூ என்று சொல்லிவிட்டேன். பச்சையில் நன்றாக அரைபடாத கீரை நரம்பு ஒன்று பல்லில் மாட்டியது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன், பிறகு இரண்டு வருடம் பச்சையாக எதைக் கண்டாலும் முகர்ந்து பார்த்துத்தான் எடுத்தான், பச்சைப் பட்டாணியைக்கூட. அந்த ஒரு பொய்யைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

நாளைக்கே உட்கார்த்திவைத்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்றில்லை. அடுத்த முறை மத்தங்காயை மசிக்கும் வேலையை அவளிடம் கொடுங்கள், மீதி தானாகத் தெரிந்துவிடும்.

பத்து மாதக் குழந்தைக்கும் இதைக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, கருங்கல்

மத்தங்காயோ கேரட்டோ போட்டு, உப்பும் சீனியும் இல்லாமல், மெத்தென்று சுட்டு விரல் அகலத்துக்குக் கிழித்துக் கொடுக்கலாம். இனிப்புக்கு நம்ம ஊர் வாழைப்பழமான மட்டிப்பழம் இருக்கிறதே, பிள்ளைக்கு முதல் பழமாக அதைத்தானே தலைமுறையாகக் கொடுத்துவருகிறோம். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு வயது முடியும்வரை தேன் மட்டும் கூடாது, மேலே தடவிக்கூடக் கொடுக்காதீர்கள், சிறு குழந்தையின் குடலில் அது கடுமையான நச்சு நோயை உண்டாக்கலாம். பூ, எள் எல்லாம் பிறகு பார்க்கலாம். புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று.

ஆப்பத்தில் மகனுடைய பெயரின் முதல் எழுத்தை நிற மாவால் எழுதிப் பார்த்தேன், கலங்கிப் போகிறது. எழுத்து தெளிவாக வர என்ன செய்வது?
— ஒரு வாசகி, திங்கள்சந்தை

எழுதுகிற மாவு, ஊற்றுகிற மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும், அதில் ஒரு ஸ்பூன் அரிசிமாவு கூடச் சேருங்கள். சாஸ் பாட்டில் மாதிரி கூர்வாய் பாட்டில் இருந்தால் நல்லது, இல்லையென்றால் பால் கவரைக் கழுவிக் காயவைத்து ஒரு மூலையை ஊசி முனை அளவு வெட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு வழி இருக்கிறது. ஆப்பம் ஊற்றி மேல்பக்கம் பாதி இறுகியதும் அதன் மேல் எழுதி மூடிவிடுவது சுலபம், எழுதியது எழுதியபடி வரும், நிறமும் மங்காது. பிள்ளைகள் ஆசைப்படுவது மற்றதற்குத்தான். அடுப்பை அணைத்து, ஆறின கல்லில் முதலில் எழுத்தை எழுதி, பிறகு தீயைச் சின்னதாக வைத்து, ஒரு நிமிடத்தில் எழுத்து இறுகியதும் அதன் மேல் வெள்ளை மாவை ஊற்றி மூட வேண்டும். எடுத்துக் கவிழ்க்கும்போதுதான் எழுத்து வெளியே வரும், பிள்ளைகள் கத்துகிற கத்தலில் வீடே அதிரும். ஆனால் இந்த வழியில் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றி எழுத வேண்டும். உங்க மகனுடைய எழுத்து 'ப' என்றால் கவலை வேண்டாம், ஏறக்குறைய எப்படி எழுதினாலும் அதுதான். 'அ' என்றால் முதலில் ஒரு தாளில் மையால் எழுதி, தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள். இதற்கு மத்தங்காய் மாவுதான் எடுக்க வேண்டும், கல்லில் நேராகப் படுகிற பக்கம் பீட்ரூட் நிற்காது.